எனக்கு மூன்று ஓட்டு, என் அப்பாவுக்கு ஒன்று

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் என்னோடு வேலை பார்த்த பழைய ஆசிரியர் ஒருவர் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு படிவம். தமிழ்நாட்டில் சட்டமன்ற மேலவையை மறுபடியும் கொண்டுவர வேண்டும், ஆசிரியர் தொகுதியை மீட்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்களாம். "சார், நீங்க போட்டா நம்ம ஊர்ல பாதிப் பேர் போட்டுடுவாங்க" என்றார். ஈரக்கையோடு நின்ற நான், வீட்டுக்குக் கொண்டுபோய் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

படித்தேன். கையெழுத்துப் போடப் போவதில்லை. ஏன் என்று அவருக்கு மட்டும் போனில் சொன்னால், "வாத்தியாருக்கு வயசாயிடுச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

உங்களில் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மேலவை என்றால் என்னவென்றே தெரியாது. அது உங்கள் தப்பில்லை. டெல்லியில் மக்களவை, மாநிலங்களவை என்று இரண்டு இருப்பது போல, சென்னையிலும் 1986 வரை இரண்டு சபைகள் இருந்தன. ஒன்று நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் சட்டப்பேரவை. இன்னொன்று மேலவை. அதன் உறுப்பினர்களைத்தான் எம்.எல்.சி. என்போம். மொத்தம் 63 பேர். அரசியல் சட்டத்தின் 171-வது பிரிவுப்படி மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கை நகராட்சி, ஊராட்சி ஒன்றியம் போன்ற உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. மீதி ஆறில் ஒரு பங்கை ஆளுநர் நியமிப்பார். ஆளுநர் என்றால், அந்த நாளில், அமைச்சரவை சொல்கிறபடி என்று படித்துக்கொள்ளுங்கள்.

நான் பட்டதாரி. ஆசிரியர். ஆக எனக்கு மூன்று ஓட்டு. பேரவைக்கு ஒன்று, பட்டதாரி தொகுதிக்கு ஒன்று, ஆசிரியர் தொகுதிக்கு ஒன்று. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓட்டுப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. முத்திரை குத்தக் கூடாது, வேட்பாளர் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். எங்கள் பள்ளியில் பழக்கதோஷத்தில் சரி அடித்துவிட்டு வந்து, "ஐயோ, என் ஓட்டு செல்லாதுடா" என்று தலையில் கை வைத்தவர்களில் கணக்கு வாத்தியாரும் ஒருவர். (அவருடைய பேரன் இந்தப் பதிவைப் படிக்கிறான். தாத்தாவிடம் கேட்காதே.)

அன்று சாயங்காலம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் அப்பா குழித்தறியில் இருந்தார். கோர்வைப் புடவை. உங்களில் நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், கோர்வை போடத் தறியில் ஒருவர் போதாது. எதிர்ப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து நாடா வாங்கித் தள்ள வேண்டும். அந்த இடத்தில் என் தம்பி இருந்தான். "பள்ளிக்கூடம் லீவா, எங்கடா போயிட்டு வர்ற?" என்றார் அப்பா. ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "எலெக்ஷனே இல்லையே இப்போ?" என்றார். விளக்கினேன். ஆசிரியர்களுக்குத் தனி, பட்டதாரிகளுக்குத் தனி என்றேன். நாடாவை நிறுத்தாமலே கேட்டார்:

"அப்போ நெய்யறவனுக்கு எது தனி?"

இல்லை என்றேன்.

"உனக்கு மூணு, எனக்கு ஒண்ணு. உன்னைப் படிக்க வெச்சவனுக்கு ஒண்ணு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பதில் இருக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இல்லை. இந்தப் படிவத்தில் "கற்றறிந்தோரின் குரல்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் தறிச் சத்தம்தான் கேட்டது. பட்டு விலை ஏறினாலும், ஜரிகையில் கலப்படம் வந்தாலும், விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்றாலும், அதைப் பற்றி ஒரு மசோதா வந்தால் கருத்துச் சொல்லும் தகுதி என்னைவிட அப்பாவுக்குத்தான் அதிகம். ஆனால் தனி நாற்காலி எனக்கு.

நண்பர் ஒரு நியாயமான வாதம் வைத்தார். மறைக்க மாட்டேன். "அறிஞர்கள் இருந்த சபை சார் அது. டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இருந்தார். ம.பொ.சி. தலைவராக இருந்தார். நம்ம அண்ணா முதலமைச்சர் ஆனபோது மேலவை உறுப்பினர்தானே?" என்றார். உண்மை. 1967-ல் அண்ணா தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத்தான் ஜெயித்தார். முதல்வராகப் பொறுப்பேற்று, மேலவை வழியாகத்தான் சட்டமன்றத்துக்குள் வந்தார்.

அதற்கு முன் நடந்ததும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 1962-ல் இதே ஊரில் அண்ணாவைத் தோற்கடித்தோம். பேருந்து முதலாளி நடேச முதலியார் ஜெயித்தார். அந்த ஆண்டே அண்ணா மாநிலங்களவைக்குப் போனார். மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்க பூபேஷ் குப்தா என்ற வங்காளத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் அங்கே தனி மசோதா கொண்டுவந்தார். 1963-ல் அண்ணா அதை ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றி என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்டவர்களிடம், நாடாளுமன்றச் சபைகளுக்கு லோக்சபா, ராஜ்யசபா என்று பெயர் வைத்தீர்களே, உங்களுக்கு என்ன கிடைத்தது என்று திருப்பிக் கேட்டார். மசோதா தோற்றது. ஆனால் பேச்சு நின்றது. 1969 ஜனவரி 14-ல் பெயர் வந்தது. நம் ஊர் தோற்கடித்த மனிதரை நாடு கேட்டது அந்த மேல்சபையால்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் டெல்லி மாநிலங்களவையும் சென்னை மேலவையும் ஒன்றல்ல. மாநிலங்களவை மாநிலங்களுக்காக இருக்கிறது. அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் அங்கேயும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1970-ல் மன்னர் மானிய ஒழிப்புத் திருத்தம் அங்கே ஒரு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் விழுந்தது. 1989-ல் பஞ்சாயத்து ராஜ் திருத்தம் அங்கே விழுந்தது. பிறகு வேறு வடிவத்தில் 1992-ல்தான் நிறைவேறியது. தடுத்தது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. தடுக்கும் கை இருந்தது.

சென்னை மேலவைக்கு அந்தக் கை கிடையாது. 197-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். பேரவை நிறைவேற்றிய மசோதாவை மேலவை மூன்று மாதம் வைத்திருக்கலாம். பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். அவ்வளவுதான், அதன் பிறகு மேலவை ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் மசோதா நிறைவேறியதாகக் கணக்கு. பண மசோதா என்றால் பதினான்கே நாள். டெல்லியில் இருப்பது போலக் கூட்டுக் கூட்டம் கூட இங்கே கிடையாது. நான்கு மாதம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வாட்ச்மேன். அவரையும் வேலையை விட்டு நீக்கும் அதிகாரம், யாரைத் தடுக்கிறாரோ அவரிடமே இருக்கிறது. 169-வது பிரிவு: பேரவை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒரு தீர்மானம் போட்டால் நாடாளுமன்றம் மேலவையைக் கலைத்துச் சட்டம் போடலாம்.

அப்படித்தான் கலைந்தது. 1986 மே மாதம் எம்.ஜி.ஆர். அரசு தீர்மானம் போட்டது. நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. ஒரு நடிகையை நியமிக்கப் போய், அவருடைய திவால் வழக்கு தடையாக வந்து, அந்தக் கோபத்தில் கலைத்தார் என்று சொல்வார்கள். அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் தி.மு.க. நிறைய இடங்களைப் பிடித்தது, உள்ளாட்சி ஓட்டில் மேலவை எதிர்க்கட்சி கைக்குப் போய்விடும் என்று கலைத்தார் என்றும் சொல்வார்கள். கலைஞர் அப்போது மேலவையில்தான் இருந்தார். எது காரணமாக இருந்தாலும், ஒரு சபையின் உயிர் அவ்வளவு லேசாகப் போனது.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். பக்கத்து ஆந்திராவைப் பாருங்கள். மூன்று தலைநகரம் அமைக்கும் மசோதாக்களை 2020 ஜனவரி 22-ல் அங்குள்ள மேலவையின் தலைவர் தெரிவுக்குழுவுக்கு அனுப்பினார். சபை செய்ய வேண்டிய வேலைதானே அது? ஐந்தே நாளில், ஜனவரி 27-ல், ஜெகன்மோகன் ரெட்டி அரசு மேலவையையே கலைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அப்புறம் மேலவையில் அவர்கள் கட்சிக்கே பெரும்பான்மை வந்துவிட்டது. 2021 நவம்பரில் கலைப்புத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், மூன்று தலைநகரச் சட்டத்தையும் அதே வாரம் திரும்பப் பெற்றார்கள்.

இதில் எனக்குத் தெரிகிற கணக்கு இதுதான். மேலவை ஆளுங்கட்சி கையில் இருந்தால் அது எதையும் தடுக்காது. எதிர்க்கட்சி கையில் இருந்து தடுத்தால் அதைக் கலைத்துவிடுவார்கள். நம் ஊரில் 1989-ல் கொண்டுவரத் தீர்மானம், 1991-ல் வேண்டாம் என்று தீர்மானம். 1996-ல் வேண்டும், 2001-ல் வேண்டாம். 2010-ல் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, நாடாளுமன்றத்தில் சட்டமே நிறைவேறி, 78 இடம் என்று எண்ணிக்கையும் முடிவாகி, தேர்தலுக்குத் தயாரான நேரத்தில் ஆட்சி மாறியது. 2011-ல் வேண்டாம். அந்தச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை 2012-ல் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் தெரியுமா? மாநிலங்களவையில். அது அங்கே வருஷக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. மேல்சபை தாமதப்படுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2021 தேர்தல் அறிக்கையில் மறுபடியும் வேண்டும். இந்த ஊஞ்சலில் ஏறி உட்காரத்தான் என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

"அப்போ சார், மசோதாவை நிறுத்தி யோசிக்க யாருமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். கட்டாயம் வேண்டும். தாமதத்தின் அருமை என்னைவிடத் தெரிந்தவன் யார்? நான் வாத்தியார் ஆனதே ஒரு தாமதத்தால்தான்.

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சர் ஆனார். பி. ராமமூர்த்தி வழக்குப் போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. ராஜாஜி பெரிய மனிதர், அறிவாளி, இரண்டு பேச்சுக்கு இடமில்லை. 'கற்றறிந்தோர்' என்றால் அவரைவிட யார்? ஆனால் அடுத்த ஆண்டே, சட்டமன்றத்தைக் கலக்காமல், புதுத் தொடக்கக் கல்வித் திட்டம் என்று ஒன்று வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதி நேரம். மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று ஊரே பெயர் வைத்தது. முதலில் கிராமப் பள்ளிகளுக்கு. நகராட்சியில் இருந்த எங்களுக்கு அப்போது வரவில்லை. எனக்கு ஐந்து வயது. "அது இங்கேயும் வந்திருந்தா, உன்னை எதிர்ப்பக்கம் உட்கார வெச்சுட்டு நானும் நிம்மதியா இருந்திருப்பேன்" என்று அப்பா பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்புதான், ஆனால் உண்மை. என் வயசுப் பையன்கள் எத்தனை பேர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்கள் அப்படியே எழுந்திருக்கவே இல்லை.

அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது யார்? மேலவையா? இல்லை. 1953 ஜூலையில், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய பேரவையில், திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானத்துக்கு ஓட்டுகள் சரிசமமாகப் பிரிந்தன. அடுத்ததாக, நிபுணர் குழு ஆராயட்டும், அதுவரை நிறுத்துங்கள் என்ற தீர்மானம் மயிரிழையில் ஜெயித்தது. வெளியே பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இருந்தார்கள். 1954-ல் காமராஜர் வந்தார், திட்டம் போனது. மேலவை வழியாக வந்தவர் கொண்டுவந்ததை, தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள் நிறுத்தினார்கள். அந்தச் சில மாதத் தாமதத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் பிழைத்தோம்!

இனி இன்றைய நிலை. 2023 ஏப்ரல் 21. பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்று நிறைவேறியவற்றில் இரண்டு மசோதாக்கள் நம் மாவட்டத்தின் தலையெழுத்து சம்பந்தப்பட்டவை.

ஒன்று தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், 12 மணி நேர வேலைக்கு வழி விடுவது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு பார்க்கிறீர்கள்! தொழிற்சங்கங்கள் கிளம்பின. மூன்றாம் நாளே நிறுத்தி வைக்கிறோம் என்றார்கள். மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெற்றதாகவே அறிவித்தார்.

இன்னொன்று நில ஒருங்கிணைப்புச் சட்டம். பெரிய திட்டத்துக்கு எடுக்கும் நிலத்துக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் அதையும் திட்டத்தோடு சேர்த்துக்கொள்ள வழி செய்வது. விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022-லிருந்து ஏகனாபுரத்து மக்கள் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைக் கேளுங்கள், இந்தச் சட்டம் யார் ஏரியை நினைத்து எழுதப்பட்டது என்று அவர்கள் சொல்வார்கள். எந்தத் திட்டம் வேண்டும், எது வேண்டாம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. ஏரிப் பாசனத்தில் பிழைக்கும் மாவட்டத்துக்கு ஏரியைப் பற்றிய சட்டம் வரும்போது, ஒரு மணி நேரம் பேச நேரமில்லையா?

இரண்டும் ஒரே நாள். தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, பிழைத்தான். ஏரிக்குச் சங்கம் இல்லை.

நண்பர் உடனே, "பார்த்தீங்களா, மேலவை இருந்திருந்தா..." என்பார். இருந்திருந்தால் என்ன? எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கும் மூன்றில் ஒன்றும், நியமனத்தில் வரும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் பாதிச் சபை. எம்.எல்.ஏ.க்கள் அனுப்புவதில் எதிர்க்கட்சிக்கும் பங்கு உண்டு, சரி. ஆனால் உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலும் யார் ஜெயிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சபை ஏப்ரல் 21-ம் தேதி மாலையே இரண்டையும் நிறைவேற்றியிருக்கும். அதிகாரம் நிறைந்த மாநிலங்களவையே 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்களுக்கு ஓட்டு எண்ணாமல் குரல் வாக்கெடுப்பில் முடித்துவிட்டது. பிறகு விவசாயிகள் டெல்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்துதான் அந்தச் சட்டங்கள் திரும்பின.

ஆளுநரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலவை இல்லாத மாநிலத்தில் ஒரு தனி மனிதர் மேலவை ஆகிவிட்டதைப் பார்த்தோம். பத்து மசோதாக்கள் ராஜ்பவனில் கிடந்து, திரும்பி வந்து, 2023 நவம்பரில் பேரவை மறுபடி நிறைவேற்றி, உச்ச நீதிமன்றம் வரை போனது. விவாதம் கிடையாது, காரணம் கிடையாது, ஓட்டு கிடையாது, வெறும் தாமதம். இதை நான் கேட்கவில்லை. நான் கேட்பது வாய் திறந்து பேசும் தாமதம்.

அதற்குப் புதுச் சபை வேண்டாம், 78 பேருக்குச் சம்பளமும் விடுதியும் வேண்டாம். பேரவை விதிகளிலேயே தெரிவுக்குழு இருக்கிறது. முக்கியமான மசோதா எதுவாக இருந்தாலும் எல்லாக் கட்சியும் உள்ள தெரிவுக்குழுவுக்குப் போக வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். மசோதாவைத் தமிழில், படித்தால் புரிகிற தமிழில், முப்பது நாள் முன்னால் வெளியிடுங்கள். கடைசி நாளில் மூட்டை மூட்டையாக நிறைவேற்றுவதை நிறுத்துங்கள். நெசவு பற்றிய மசோதா என்றால் குழு பிள்ளையார்பாளையத்துக்கு வரட்டும், ஏரி பற்றியது என்றால் ஏகனாபுரத்துக்கு. அறிஞர்களையும் கூப்பிடட்டும், சாட்சியாக. ஆசிரியர் பேச வேண்டியது இருந்தால் நெசவாளிக்குப் பின்னால் வரிசையில் நின்று பேசுகிறேன். எனக்குத் தனி நாற்காலி வேண்டாம்.

ஆசிரியர் எம்.எல்.சி.க்கள் நம் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் குரல் கொடுத்தார்கள், நன்றி மறக்கவில்லை. நான் இன்று மாசம் பிறந்தால் வாங்கும் பணத்தில் அவர்கள் பங்கும் இருக்கிறது. என் அப்பாவுக்கு ஓய்வூதியம் எவ்வளவு வந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

படிவம் மேஜை மேல்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, பின்பக்கத்தில் மேலே சொன்ன தெரிவுக்குழுக் கோரிக்கையை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே என் கையெழுத்து உண்டு. நாளைக் காலை நண்பர் வீட்டில் கொடுத்துவிடுவேன். அவர் கோபித்துக்கொண்டால் காபி கிடைக்காது, பரவாயில்லை.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். போன் பண்ணுவதாக இருந்தால் நான்கு மணிக்கு மேல். அரசியல் சட்டப் பிரிவு எண்ணைத் தப்பாகப் போட்டால் பழையபடி சிவப்பு மையில் திருத்துவேன்.